நீர்த்தெள்ளு விழுங்கிய நெகிழி மீனுக்குள் போய்ப் பெருகுமா?

வகுப்பறை நுண்ணோக்கி (கேள்வி)

வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலை விலங்கியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் செய்முறை வகுப்புக்காக, கல்லூரிக்குப் பின்னாலுள்ள ஏரியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து வந்தோம். பாரமீசியம், ரோட்டிஃபர், சைக்ளாப்ஸ், நீர்த்தெள்ளு (டாஃப்னியா) என்று வழக்கமாகக் காட்டுகிற சிறு நீர்வாழ் உயிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி தன் கண்ணாடித் தகட்டில் நீர்த்தெள்ளின் குடலை ஒட்டி நீல நிற இழை ஒன்று கிடப்பதைக் கண்டு என்னை அழைத்தாள். ஏரிப் பாசி எதுவும் அவ்வளவு அழுத்தமான நீலத்தில் இராது. தாவர இழைகளில் தெரிகிற செல் சுவர்களும் அதில் தெரியவில்லை. நெகிழி இழையாக இருக்கலாம் என்று சொன்னேன். அவள் உடனே, "அப்படியானால் இந்த நீர்த்தெள்ளை மீன் தின்றால், டி.டி.டி. பூச்சிக்கொல்லி மாதிரி இதுவும் மேலே போகப் போகப் பல மடங்கு ஆகுமா மேடம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக நஞ்சின் செறிவு கூடுவதை, அதாவது உயிரிய உருப்பெருக்கத்தை, விளக்கும் பிரமிடு படத்தைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். அதே படத்தில் டி.டி.டி. இருந்த இடத்தில் நுண்நெகிழி என்று எழுதிய படங்களும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஆனால் பூச்சிக்கொல்லி என்பது கொழுப்பில் கரைந்து உடலுக்குள் தங்கிவிடும் மூலக்கூறு. இந்த இழையோ கரையாத ஒரு திடத் துண்டு. விழுங்கிய உயிரி அதை எச்சமாக வெளியேற்றிவிட்டால் அந்தப் பிரமிடு எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் வந்ததால், அடுத்த வகுப்பில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். நன்னீர் நுண்ணுயிரிகளில் தொடங்கி மீன் வரை செல்லும் உணவு வலையில் நுண்நெகிழி உண்மையில் செறிவு கூடிக்கொண்டே போகிறதா? எங்கள் தகட்டில் கண்ட இழை நெகிழிதானா, அது குடலுக்குள்தான் இருந்ததா என்பதை எளிய கல்லூரி ஆய்வகத்தில் எப்படி உறுதிசெய்வது? தெரியாமல் தவறாகக் கற்பித்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

ஏரிநீர்

வணக்கம் அம்மா. நன்னீர் விலங்கு மிதவைகளைப் பற்றிய ஆய்வில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் தயக்கம் சரியானது. அந்தப் பிரமிடை அப்படியே நெகிழிக்கு மாற்றி வரைய வேண்டாம்.

பிரமிடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது உதவும். கலிஃபோர்னியாவில் உள்ள கிளியர் ஏரியில் கொசுவைப் போன்ற சிறு ஈக்களை ஒழிப்பதற்காக 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.க்கு நெருங்கிய உறவான ஒரு பூச்சிக்கொல்லியைக் கலந்தார்கள். நீரில் பத்து இலட்சத்தில் 0.02 பங்கு என்ற அளவில் இருந்த அந்த மருந்து மிதவை உயிரிகளில் 5 பங்காகவும், மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்காகவும் ஏறியிருந்தது. பறவைகள் கூட்டமாக இறந்தன. இவ்வளவு பெரிய ஏற்றத்துக்குக் காரணம், அந்த மூலக்கூறு குடல் சுவரைக் கடந்து கொழுப்பில் கரைந்து, சிதையாமலும் வெளியேறாமலும் தங்கியதுதான். ஒரு மீன் தன் வாழ்நாளில் தின்ற அத்தனை இரையின் நஞ்சும் அந்த ஒரு மீனுக்குள் மிஞ்சியது.

நுண்நெகிழித் துகளின் வழி வேறு. நீர்த்தெள்ளின் மார்புக் கால்களில் சீப்புப் பற்களைப் போல நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். அவற்றால் நீரை வடிகட்டி, ஏறத்தாழ ஒரு மைக்ரானிலிருந்து (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐம்பது, எழுபது மைக்ரான் வரையுள்ள எதையும் அது வாய்க்கு அனுப்பும். அதற்குச் சுவை பார்த்துப் பிரிக்கும் திறன் மிகக் குறைவு. நுண்நெகிழி என்ற கவலையே இல்லாத 1986ஆம் ஆண்டில், பாசியின் சுவை ஏற்றிய பாலிஸ்டைரின் மணிகளையும் சுவையற்ற மணிகளையும் கலந்து நன்னீர் மிதவை உயிரிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. சைக்ளாப்ஸும் அடங்கும் கோப்பிபாடு வகை உயிரிகள் சுவையுள்ள மணிகளைத் தேர்ந்தெடுத்து உண்டன; நீர்த்தெள்ளு இரண்டையும் ஒன்றாகவே விழுங்கியது. உங்கள் வாளியிலிருந்த சைக்ளாப்ஸும் நீர்த்தெள்ளும் ஒரே தண்ணீரில் இருந்தாலும் நெகிழியை ஒரே அளவில் உண்ணாது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல சான்று.

பாரமீசியமும் இப்படித்தான். குறு இழைகள் சுழற்றித் தள்ளும் நீரோடு வரும் மணியை அது வாய்ப்பள்ளத்தில் ஏற்று, உணவுக் குமிழுக்குள் அடைத்து, செல்லுக்குள் ஒரு சுற்று சுற்றவிட்டு, செரிக்காததைச் சைட்டோபைஜ் என்ற கழிவுத் துளை வழியாக வெளியே தள்ளிவிடும். பாரமீசியம் போன்ற, குறு இழையுள்ள சிலியேட்டுகள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பாக்டீரியாக்களைத் தின்னும் என்று அளப்பதற்காகவே, 1980களிலிருந்து ஆய்வாளர்கள் ஒளிரும் நெகிழி மணிகளை நீரில் கலந்து, செல்லுக்குள் போனவற்றை எண்ணி வந்திருக்கிறார்கள். நுண்ணுயிரிகள் நெகிழியை விழுங்கும் என்பது எங்கள் துறையில் பழைய செய்தி. ஏரியில் அது எவ்வளவு நடக்கிறது, நடந்தால் என்ன ஆகிறது என்பதுதான் புதிய கேள்வி.

விழுங்கியதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் பிரமிடு உடைகிறது. உணவு தாராளமாக இருக்கும்போது நீர்த்தெள்ளின் குடல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காலியாகிப் புதிதாக நிரம்பும். மணிகளும் எச்சத்தோடு போய்விடும். உணவே இல்லாத நீரில் விட்டால் பின்னாலிருந்து தள்ள ஏதுமில்லாமல் மணிகள் குடலிலேயே கிடக்கும். பாசியைச் சேர்த்தவுடன் அவை வெளியேறுவதைப் பல ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். எனவே, நீர்த்தெள்ளைத் தின்னும் மீன்குஞ்சு அந்த நேரத்தில் இரையின் குடலில் இருந்த துகள்களை மட்டுமே பெறுகிறது. அவற்றையும் சில மணி நேரத்தில், சில நாள்களில் கழித்துவிடுகிறது. ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்குத் துகள் இடம்பெயர்வது உண்மை. ஒவ்வொரு படியிலும் பெருகுகிறது என்பதற்குச் சான்று இல்லை. கடல் உயிரிகளைப் பற்றி 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இதே முடிவுக்குத்தான் வந்தது.

வண்ணமீன் பண்ணை

அம்மா கேட்ட கேள்வி எங்கள் தொழிலையும் தொடுவதால் எழுதுகிறேன். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. குஞ்சு பொரித்த முதல் நாள்களில் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிரிகள், பிறகு நீர்த்தெள்ளின் உறவான மொய்னா, கொஞ்சம் வளர்ந்ததும் சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு என்பதுதான் எங்கள் உணவு வரிசை. மொய்னாவைச் சிமெண்ட் தொட்டியில் நாங்களே வளர்க்கிறோம். புழு மட்டும் கழிவுநீர் ஓடும் இடங்களிலிருந்து எடுத்து வருபவர்களிடம் வாங்குவது. வாங்கிய புழுவை இரண்டு மூன்று நாள்கள் ஓடும் தண்ணீரில் வைத்து, அது கக்கும் சேற்றையெல்லாம் கழுவிவிட்டுத்தான் மீனுக்குப் போடுவோம். நோய் வராமல் இருப்பதற்காக என் தந்தையார் காலத்திலிருந்தே உள்ள வழக்கம் இது.

கழுவிய புழு உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்குகள் சிக்கியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். அவை புழுவின் வெளியே சிக்கியவையா, உள்ளே இருந்து வந்தவையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாது. மொய்னாவுக்கு ஏரிநீர் ஐயா சொன்னது பொருந்தும் என்றால், ஈஸ்ட் கரைசலில் சிறிது நேரம் விட்டுவிட்டு மீனுக்குப் போட்டால் குடல் சுத்தமாகிவிடும் என்று புரிந்துகொள்கிறேன். புழுவுக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா?

வடிதாள்

நான் நுண்நெகிழிப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஆசிரியையின் இரண்டாவது கேள்விக்கும் பண்ணைக்காரர் கேட்டதற்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த நீல இழை. நீலம் என்பதாலேயே அது நெகிழி ஆகிவிடாது. ஜீன்ஸ் துணியிலிருந்து உதிரும் அவுரிச் சாயமேறிய பருத்தி இழைகள் வட அமெரிக்கப் பேரேரிகளின் வண்டலிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதி வரை கிடப்பதை டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பருத்தி நெகிழி அன்று. நுண்ணோக்கியின் உயர் பெருக்கத்தில் பருத்தி இழை தட்டையாக, முறுக்கிய நாடாவைப் போலத் தெரியும். பாலியஸ்டர் இழை நெடுக ஒரே தடிமனில், கண்ணாடிக் குச்சியைப் போல வழவழப்பாகத் தெரியும். உங்கள் மாணவி அந்தத் தகட்டைப் படம் எடுத்திருந்தால் இதை மட்டும் முதலில் பாருங்கள்.

இழை குடலுக்குள் இருந்ததா என்பதற்கு, உயிரியை வடிகட்டிய நீரில் மூன்று முறை கழுவி, மீண்டும் தகட்டில் வைத்து, குடலின் அலையசைவோடு இழையும் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது குடலின் வளைவை ஒட்டி மடங்கி, பாசியின் பச்சையோடு கலந்து தெரியும். வெளியே ஒட்டியது மூடுகண்ணாடியை மெல்ல நகர்த்தினால் விலகும். உடலைக் கரைத்து இழையை மட்டும் பிரித்தெடுக்கப் பயன்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பத்து விழுக்காட்டுக் கரைசல் தசையைக் கரைக்கும், நீர்த்தெள்ளின் கைட்டின் ஓட்டைக் கரைக்காது. நெகிழியை ஒளிரவைத்துக் காட்டப் பயன்படும் நைல் ரெட் சாயமோ நெகிழியோடு கொழுப்பையும் ஒளிரவைத்து ஏமாற்றும். பொருள் எதுவென்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை இல்லாமல் "நெகிழி" என்று உறுதியாகச் சொல்வதைத் தவிர்த்து, "செயற்கை இழை எனத் தோன்றுவது" என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காற்றிலிருந்து இழைகள் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. ஈரமான ஒரு வெள்ளை வடிதாளைத் திறந்த கண்ணாடித் தட்டில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வகுப்பு முடியும் வரை வைத்து, பிறகு அந்தத் தாளில் எத்தனை இழைகள் உள்ளன என்று எண்ணுங்கள். இந்த வெறுந்தாள் எண்ணிக்கை இல்லாத எந்த முடிவையும் எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் ஏற்பதில்லை. தண்ணீர் எடுத்த வாளி பிளாஸ்டிக் வாளியாக இருந்திருந்தால் அதிலிருந்தும் துணுக்குகள் வந்திருக்கலாம். கண்ணாடிக் குடுவைக்கு மாறிவிடுவது நல்லது.

புழுவுக்கு வருகிறேன். மான்செஸ்டர் நகரத்தை ஒட்டிய சால்ஃபோர்டு துறைப் படுகையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் புழுத் திசுவுக்குச் சராசரியாக 129 துகள்கள் இருந்தன. பெரும்பாலானவை இழைகளே. விழுங்கிய சேற்றின் மற்றப் பகுதிகள் வெளியேறிய பிறகும் நெகிழி அதிக நேரம் குடலில் தங்கியது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. எனவே ஐயா, இரண்டு மூன்று நாள்கள் கழுவுவது சேற்றைப் போக்கும். இழைகளை முழுவதும் போக்கிவிடும் என்று நம்ப முடியாது. வடிகட்டி உண்ணும் மொய்னாவுக்குச் சொன்ன கணக்கைச் சேறுண்ணும் புழுவுக்கு அப்படியே போடக் கூடாது.

கடைசியாக என்னை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் மூன்றில் நடந்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 43,000 துகள்கள் என்று வந்தது. அதற்குப் பயன்பட்ட வலையின் கண் 333 மைக்ரான். நீர்த்தெள்ளு விழுங்கக்கூடிய துகள்கள் பெரும்பாலும் அந்த வலையின் கண் வழியாக நழுவிப் போயிருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வில் நீரில் லிட்டருக்கு 5.9 துகள்கள், வண்டலில் கிலோவுக்கு 27 துகள்கள் என்று வருகிறது. ஒன்று பரப்புக்கான கணக்கு, மற்றது கொள்ளளவுக்கான கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த ஏரி மோசம் என்று கேட்கவே முடியாது. ஆய்வகச் சோதனைகளிலோ ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் மணிகளைப் போடுகிறார்கள். நுண்ணுயிரிகளால் விழுங்க முடியாத பெரிய துண்டுகளை ஏரியில் எண்ணுகிறோம். ஏரியில் எண்ணாத சிறு மணிகளை ஆய்வகத்தில் அவற்றுக்கு ஊட்டுகிறோம். இந்த இடைவெளி நிரம்பாத வரை, உணவு வலையின் அடிமட்டத்தில் எவ்வளவு தீங்கு நடக்கிறது என்று எண்ணைக் காட்டிச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஆற்றுப்பறவை

மேலே எழுதியவர்களின் அறிவுக்கு மதிப்புத் தந்தே, ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். "பெருகுவதில்லை" என்ற பதிலை மாணவர்கள் "தீங்கில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

தென் வேல்ஸில் டாஃப், அஸ்க், வை ஆகிய ஆறுகளில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கற்களுக்கடியில் வாழும் மேஃபிளை, காடிஸ் பூச்சிகளின் இளம் உயிரிகளில் ஏறத்தாழ பாதி மாதிரிகளில் நெகிழி இருப்பதை 2019இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவற்றைத் தின்னும் டிப்பர் பறவையைப் பார்த்தார்கள். ஓடும் நீருக்குள் மூழ்கி நடந்து பூச்சிகளைப் பொறுக்கும் சிறு பறவை அது. ஆறு கெட்டால் முதலில் காணாமல் போவதும் அதுவே. அதன் எச்சத்திலும், அது கக்கும் செரிக்காத உருண்டைகளிலும் ஏறத்தாழ பாதியில் இழைகள் இருந்தன. இரை வழியாக மட்டும் ஒரு பறவை ஒரு நாளைக்குச் சுமார் 200 துகள்களை விழுங்குகிறது என்று கணக்கிட்டார்கள். கூட்டிலிருக்கும் குஞ்சுக்கும் தாய் அதையே ஊட்டுகிறது. கிளியர் ஏரியின் முக்குளிப்பானைப் போல அந்தப் பறவையின் கொழுப்பில் எதுவும் குவியவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுவதும், ஒரு நாள் விடாமல், வயிற்றின் வழியாக நெகிழி போய்க்கொண்டே இருப்பதைத் தங்கவில்லை என்பதற்காகக் கணக்கிலிருந்து விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, துகளின் அளவு. ஏரிநீர் ஐயா சொன்னது மைக்ரான் அளவுத் துகளுக்குப் பொருந்தும். 2009இல் வெளியான ஒரு சோதனையில் நீர்த்தெள்ளுக்கு 1,000 நானோமீட்டர் (ஒரு மைக்ரான்) மணிகளையும் 20 நானோமீட்டர் மணிகளையும் கொடுத்துப் பிறகு தூய நீரில் விட்டார்கள். நான்கு மணி நேரத்தில் பெரியவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியேறியது. சிறியவற்றில் 40 விழுக்காடுதான் வெளியேறியது. ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் பாசி, நீர்த்தெள்ளு, கெண்டை வகை மீன் என்ற மூன்று கண்ணிச் சங்கிலி வழியாக நானோ நெகிழியைச் செலுத்திப் பார்த்தபோது மீன்களின் உண்ணும் நடத்தையும் கொழுப்பு வளர்சிதையும் மாறின. 2017இல் வெளியான தொடர் ஆய்வில் மீனின் மூளையிலேயே துகள்களைக் கண்டதாகப் பதிவு செய்தார்கள். அந்த நெகிழி மீனுக்கு நேரடியாக ஊட்டப்படவில்லை, நீர்த்தெள்ளு வழியாகத்தான் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2018இல் கியூலெக்ஸ் கொசுவின் புழுக்களுக்கு 2 மைக்ரான் மணிகளைக் கொடுத்தபோது, அவை கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, பறக்கும் கொசுவின் கழிவு நீக்கும் உறுப்பான மால்பிஜியன் குழல்களில் இருந்தன. தேங்கிய நீரில் நுண்ணுயிரிகளோடு சேர்த்து விழுங்கப்பட்ட மணி, நீரை விட்டே வெளியேறித் தட்டான், தவளை, தகைவிலான் குருவி என்று வேறொரு வலைக்குள் நுழைய வழி இருக்கிறது என்பது இதன் பொருள். ஏரியின் உணவு வலை கரையோடு முடிந்துவிடுவதில்லை என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வகுப்பறை நுண்ணோக்கி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வகுப்புக்கு வேண்டியதைக் கேட்டேன். ஒரு பருவத்துக்கே போதுமானது கிடைத்திருக்கிறது. வடிதாள் ஐயா ஊகித்தது போலவே எங்கள் வாளி பிளாஸ்டிக் வாளிதான்.

ஏரிநீர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். நானோ அளவில் உங்கள் பதில் மாறுமா? மேலும், இதுவரை விழுங்கும் உயிரிகளைப் பற்றியே பேசினோம். விழுங்காத பாக்டீரியாக்களுக்கு நெகிழியோடு என்ன உறவு?

ஏரிநீர்

ஆற்றுப்பறவை எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நானோ துகளைப் பற்றி நான் முதலிலேயே எல்லை போட்டுப் பேசியிருக்க வேண்டும். அது என் பதிலில் இருந்த குறை. குடல் சுவரைக் கடக்கும் அளவுக்குச் சிறியதாகிவிட்ட துகளுக்கு, கழித்துவிடும் என்ற என் வாதம் முழுமையாகப் பொருந்தாது. ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். நீர்த்தெள்ளின் கொழுப்புத் துளிகளில் ஒளி தெரிந்ததை வைத்து மணிகள் குடலைக் கடந்துவிட்டன என்று முன்பு எழுதினார்கள். மணியிலிருந்து கசிந்த சாயம் மட்டும் கொழுப்பில் போய்ச் சேர்ந்தாலும் அதே ஒளி தெரியும் என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே ஒளி தெரிந்த இடமெல்லாம் துகள் இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஆய்வகத்தில் கண்ட தீங்கு நெகிழிக்கே உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு கலங்கிய ஏரியில் நீர்த்தெள்ளு களிமண்ணையும்தான் விழுங்குகிறது. அதனால் கயோலின் களிமண் கொடுத்த ஒரு குழுவை ஒப்பீட்டுக்கு வைத்த சோதனைகளை நான் அதிகம் மதிக்கிறேன். அப்படிச் செய்த ஒரு சோதனையில், ஒழுங்கற்ற உருவில் உடைந்த நெகிழித் துணுக்குகள் களிமண்ணைவிடக் கூடுதலாக நீர்த்தெள்ளுகளைப் பாதித்தன.

என் கவலை பிரமிடின் உச்சியைவிட அடியில்தான் அதிகம். ஒரு நீர்த்தெள்ளின் குடலில் பாசிக்கு உரிய இடத்தைச் சத்தில்லாத துகள் பிடித்துக்கொண்டால், அது வளர்வது குறையும். ஈனும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறையும். நீர்த்தெள்ளு குறைந்தால் அது மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த பாசி மிஞ்சும், நீர் பச்சையாகும், அதை நம்பியிருந்த மீன்குஞ்சுக்கு இரை குறையும். மீனின் உடலில் ஒரு துகள்கூட இல்லாமலேயே மீன் பாதிக்கப்பட வழி இருக்கிறது. பூச்சிக்கொல்லிப் பிரமிடு இதைக் காட்டாது என்பதால்தான் அதை வரைய வேண்டாம் என்றேன்.

பாக்டீரியாவைப் பற்றிய கேள்விக்குச் சிகாகோ நகரின் வடக்குக் கரைக் கால்வாயில் செய்த ஆய்வு நல்ல விடை. அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேற்புறம் ஒரு கன மீட்டருக்கு 1.94 துகள்களும், கீழ்ப்புறம் 17.93 துகள்களும் இருந்ததாக 2014இல் வெளியிட்டார்கள். துகள்களின் மேல் படிந்திருந்த பாக்டீரியாக் கூட்டம், சுற்றியிருந்த நீரிலும் மிதக்கும் இயற்கைத் துணுக்குகளிலும் இருந்த கூட்டத்திலிருந்து வேறுபட்டிருந்தது. இலை மட்கிவிடும், மரத்தூள் மூழ்கிவிடும். நெகிழி இரண்டுக்கும் உள்ளாகாமல் நெடுந்தொலைவு போகும் படகாகிவிடுகிறது. அந்தப் படலத்தை மேயும் சிலியேட்டும் ரோட்டிஃபரும் சேர்ந்து அதன் மேலேயே ஒரு சிறு உணவு வலை உருவாகிறது. பாக்டீரியாப் படலம் ஏறிய துகள் உணவின் மணமும் பெறுவதால், முன்பு சொன்ன சுவை பார்க்கும் கோப்பிபாடுகூட அதை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

குடுவையில் கண்டது ஏரியில் நடக்குமா என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள சோதனை ஏரிகள் பகுதியில் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1968இலிருந்து முழு ஏரிகளையே சோதனைக் குடுவையாகக் கொண்டு ஆய்வு நடக்கும் இடம் அது. முதலில் ஏரிக்குள் தடுப்புகள் கட்டி அவற்றுக்குள் மட்டும் நுண்நெகிழியைச் சேர்த்துப் பார்த்து, பிறகு 2023இல் ஒரு முழு ஏரியிலேயே சேர்க்கத் தொடங்கினார்கள்.

வண்ணமீன் பண்ணை

வடிதாள் ஐயாவின் பதிலைப் படித்த பிறகு குஞ்சுத் தொட்டிகளுக்கு டியூபிஃபெக்ஸ் போடுவதை நிறுத்திவிட்டேன். மொய்னா தொட்டிகளைக் கூடுதலாக்கி, மேலே பழைய நைலான் வலைக்குப் பதிலாகக் கண்ணாடி மூடி போட்டிருக்கிறேன். வலை வெயிலில் நொறுங்கித் தூளாகத் தொட்டிக்குள் உதிர்ந்துகொண்டிருந்ததை இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

வகுப்பறை நுண்ணோக்கி

நேற்றுச் செய்முறை வகுப்பில் வெறுந்தாள் சோதனையைச் செய்தோம். இரண்டு மணி நேரத்தில் ஈரத் தாளில் ஏழு இழைகள் விழுந்திருந்தன. அவற்றில் இரண்டு, தகட்டில் கண்ட அதே நீலம். மாணவி எடுத்திருந்த பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இழை நாடாவைப் போல முறுக்கியிருந்தது. பருத்தி என்றே நினைக்கிறேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. சிறிது நேரம் கழித்து அவளே வந்து, வரும் வியாழக்கிழமை வெள்ளைப் பருத்தி மேலங்கி அணிந்து, கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் எடுத்து, இருபது நீர்த்தெள்ளுகளைக் கழுவிப் பார்க்கலாமா என்றும், அவற்றில் பத்தை ஈஸ்டிலும் பத்தை வெறும் வடிநீரிலும் ஒரு மணி நேரம் விட்டு, குடலில் எது மிஞ்சுகிறது என்று ஒப்பிடலாமா என்றும் கேட்டாள். ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் வெறுந்தாளும் இருக்கும். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் இங்கே பதிவு செய்கிறேன்.